பதில்: அம்பாசிடர் மார்க் 4, புது டோர் பேட் கிளிப் உட்காரவில்லை

வணக்கம் சார். கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டு பேடில் மேல் வரிசை கிளிப் சரியாக உட்காருகிறது, கீழ் வரிசை மட்டும் கால் அங்குலம் தள்ளி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து தட்டி ஏற்றாதீர்கள். ஹார்ட்போர்டில் ஓட்டையோரம் பிய்ந்தால் பேடே வீண்.

பழைய பேடை அளவுக்கு வைக்காதீர்கள், ஈரத்தில் ஊறி உப்பியிருக்கும். கதவின் கீழ் ஓட்டை விளிம்புகளில் ஈரச் சாக்பீஸைத் தேய்த்து, பேடை மேல் கிளிப்பில் மாட்டி அழுத்துங்கள். பேடின் பின்பக்கம் தடம் விழும். பேடிலுள்ள கிளிப் ஓட்டையை அந்தத் திசையில் மட்டும் அரத்தால் நீட்டினால் போதும்.

அதைவிட முக்கியமானது தண்ணீர். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளே ஓடி, அடியிலுள்ள துவாரங்களில் வெளியேற வேண்டும். அவற்றைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பேடுக்குப் பின்னால் தடித்த பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதன் கீழ் விளிம்பைக் கதவுக்குள் செருகிவிடுங்கள். முதல்முறை நான் அந்தத் தாளை விட்டுவிட்டேன்; ஒரே மழைக்காலத்தில் புது ரெக்சின் அடியில் புடைத்துவிட்டது. மாட்டுமுன் ஹார்ட்போர்டின் பின்பக்கத்துக்கும், முக்கியமாக ஓரங்களுக்கும், இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கடைசியில் மாட்டுங்கள். கீழ் வரிசை உட்கார்ந்ததும் ஒரு படம் போடுங்கள், பார்க்க ஆசை.