பட்டறைப் பக்கம்: கேஸ் உலை, வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாந்தோப்புக்குக் கவாத்துக் கத்தியும் வீட்டுக் கத்தியும் நானே அடித்துக்கொள்ளக் கேஸ் உலை செய்யப் போகிறேன். என்ன அளவு? என்னென்ன பொருள்?
– காவேரிப்பட்டினம் வாசகர்

பெரிதாகச் செய்யாதீர்கள். சூடு ஆறுவதற்குள் ஒரு சாண் நீளத்தைத்தான் அடித்து முடிக்க முடியும். அதற்கு மேல் பழுக்க வைப்பது கேஸுக்கு நஷ்டம். 25 செ.மீ. உள்விட்டம், 30 செ.மீ. நீளமுள்ள எம்.எஸ். (சாதா இரும்பு) குழாய்த் துண்டு போதும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். காலி கேஸ் சிலிண்டரை மட்டும் வெட்டாதீர்கள். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. தவிர, உள்ளே மிஞ்சிய கேஸ் கிரைண்டர் பொறியில் வெடிக்கும்.

உள்ளே 25 மி.மீ. தடிமன், 1260 டிகிரி தர செராமிக் பைபர் பிளாங்கெட்டை (சூடு தாங்கும் இழை விரிப்பு) இரண்டு சுற்று வைக்க வேண்டும். 61 செ.மீ. அகல ரோலில் 80 செ.மீ. வாங்கி, அகலத்தை இரண்டாகப் பிளந்தால் 30 செ.மீ. பட்டை இரண்டு வரும். வெளிச்சுற்றுக்கு 79 செ.மீ., உள்சுற்றுக்கு 64 செ.மீ. வெட்டி இறுக்கிச் செருகுங்கள். இரண்டு மூட்டும் ஒரே இடத்தில் வரக்கூடாது.

பைபரை அப்படியே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சூட்டில் அதன் இழை நொறுங்கித் தூளாகப் பறக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். வெட்டும்போதே என்95 முகக்கவசம் போடுங்கள். இழையை இறுக்கும் கொலாய்டல் சிலிக்கா கரைசலைத் தெளித்துக் காயவிட்டு, அதன் மேல் சூடு தாங்கும் உயர் அலுமினா காஸ்டபிள் சிமெண்டை 8 முதல் 10 மி.மீ. பூசுங்கள். தரையில் மட்டும் 15 மி.மீ. பூசி, மெல்லிய பயர் செங்கல் பதியுங்கள். இரும்பை ஒட்டவைக்கத் தூவும் வெங்காரம் உருகி வழிந்தால் பைபரை ஓட்டை போட்டுவிடும், செங்கல் தாங்கும்.

பூச்சு ஒரு நாள் ஈரத்துணிக்குள் இருக்கட்டும். அடுத்த ஒரு நாள் நிழலில் காயட்டும். பிறகு உள்ளே ஒரு 100 வாட் குண்டு பல்பை இரவு முழுக்க எரியவிடுங்கள். முதல் எரிப்பு இரண்டு நிமிடம். ஆறவிட்டு ஐந்து நிமிடம். மறுபடி ஆறவிட்டுப் பத்து நிமிடம். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பெயர்த்தெறியும்.

பின்பக்கத்தை முழுக்க அடைக்காதீர்கள். கொடுவாளின் நடுப்பகுதி பழுக்க, முனை பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம் திறப்பு விட்டு, வேண்டாதபோது செங்கல் வைத்து மூடலாம்.

கேள்வி: வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்து பர்னர் செய்தேன். ஜுவாலை மஞ்சளாக வாசலுக்கு வெளியே முழ நீளம் வருகிறது. அரை மணி ஆகியும் இரும்பு மங்கலான சிவப்பைத் தாண்டவில்லை.
– ஓசூர் வாசகர்

உங்கள் வேலையில் குறையில்லை. படம் வேறு கேஸுக்குப் போட்டது. அங்கே எரிப்பது பெரும்பாலும் தனி புரோபேன். நம் சிலிண்டரில் புரோபேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். ஒரு பங்கு புரோபேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று போதும். பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். அதே ஜெட்டை (கேஸ் பீறிடும் நுண்துளை) அப்படியே போட்டால் காற்று போதாமல் கேஸ் வெளியே வந்துதான் எரியும்.

முதலில் பர்னரின் அளவைச் சரிபாருங்கள். இரு பக்கமும் 1 அங்குலம், நடுக்கிளை முக்கால் அங்குலம் உள்ள ரெடியூசர் டீ (T வடிவக் குழாய் இணைப்பு). நடுக்கிளையில் 20 செ.மீ. நீள முக்கால் அங்குலக் கறுப்புக் குழாய். இரு பக்க வாயும் காற்றுக்கு. டீயின் முதுகில், நடுக்கிளைக்கு நேர் எதிரே துளையிட்டு மரை போட்டு, மிக் வெல்டிங் டிப்பை (வெல்டிங் கம்பி வரும் செம்பு நுனி) ஜெட்டாக வைக்க வேண்டும். இந்தத் துளையை லேத்தில் போடுங்கள். கை டிரில்லில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கேஸ் குழாய்ச் சுவரில் மோதிக் காற்றை இழுக்காது. உலைக்குள் நுழையும் குழாய் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக இருக்கக்கூடாது, துத்தநாகப் புகை குளிர் ஜுரத்தைக் கொண்டுவரும்.

இனி திருத்தம். 0.9 மி.மீ. டிப் போட்டிருந்தால் 0.8 போடுங்கள். போதாவிட்டால் டிப்பின் நுனியை இரண்டு இரண்டு மில்லிமீட்டராக அறுத்துக் குறையுங்கள். நுனி குழாய் வாயிலிருந்து விலக விலகக் காற்று கூடும். ஒவ்வொரு தடவையும் பிசிறு நீக்கி, எரித்துப் பாருங்கள். வாசலில் உள்ளங்கை அளவு ஜுவாலை நின்றால் சரி. ஜுவாலையே வராமல் உலை கடுமையாக உறுமி, இரும்பில் செதில் தடித்தால் காற்று அதிகம். அது கத்தி விளிம்பின் கார்பனைத் தின்றுவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். வாசலில் வரும் புகை மேலேறி பர்னரின் காற்று வாய்க்குள் போகிறதா? அப்படியானால் ஜெட்டை எத்தனை மாற்றினாலும் பலனில்லை. இடையில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள்.

கேள்வி: வீட்டு சிலிண்டரும் வீட்டு ரெகுலேட்டரும் போதாதா?
– பாலக்கோடு வாசகர்

போதாது. வீட்டு ரெகுலேட்டர் தருவது சதுர செ.மீ.க்கு சுமார் 30 கிராம் அழுத்தம். இந்த பர்னர் கேட்பது 300 முதல் 700 கிராம். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எடுப்பது சட்டப்படியும் குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர், 0 முதல் 2 கிலோ வரை திருகும் ரெகுலேட்டர், அழுத்தமானி, உயர் அழுத்த எல்.பி.ஜி. ஹோஸ், பர்னர் பக்கம் சட்டென மூட ஒரு பால் வால்வு (ball valve), இவை கட்டாயம். எல்லா மூட்டையும் சோப்பு நுரையால் சோதியுங்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, தரையில் தேங்கும். பள்ளத்திலோ மூடிய அறையிலோ உலை வைக்காதீர்கள். இரு பக்கமும் திறந்த கொட்டகையே ஏற்றது. உலையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புளோயர் பர்னர் (மின்விசிறி காற்றூதும் பர்னர்) வைப்பவர்கள், கரண்ட் போனால் கேஸும் தானே நிற்கும்படி சோலனாய்டு வால்வு போடாமல் எரிக்கவே கூடாது.

கேள்வி: மார்கழிக் காலையில் அரை மணி எரித்ததும் சிலிண்டரில் பனி படிகிறது, ஜுவாலை தளர்ந்து குழாய்க்குள் ‘பட் பட்’ என்று வெடிக்கிறது.
– தேன்கனிக்கோட்டை வாசகர்

இரண்டும் ஒரே காரணம். திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. பியூட்டேன் பூஜ்ய டிகிரி அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோபேனுக்கு மைனஸ் 42 வரை தடையில்லை. அதனால் புரோபேன் முதலில் தீர்ந்து, அழுத்தம் விழுகிறது. கேஸ் வரும் வேகம் ஜுவாலையின் வேகத்தை விடக் குறைந்தால் நெருப்பு பின்னோக்கிக் குழாய்க்குள் ஏறும். உடனே வால்வை மூடுங்கள், குழாய் பழுக்கவிடாதீர்கள்.

சிலிண்டரை அகலத் தொட்டியில் நிறுத்தி, சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பாதி உயரம் ஊற்றுங்கள். வெந்நீரோ நெருப்போ கூடாது. படுக்கவைத்தால் திரவமே ஹோஸில் வந்துவிடும். இந்த பர்னர் மணிக்குச் சுமார் ஒரு கிலோ குடிக்கும். குளிரில் நாள் முழுக்க அடிப்பதானால் இரண்டு சிலிண்டரை இணைப்பதே வழி. வெயில் ஏறிய பிறகும் வெடித்தால் ஜெட்டில் தூசி அடைத்திருக்கும்.

கேள்வி: லாரியின் வில் பட்டையில் அடித்த கத்தி, துவைச்சல் போடும்போது (பழுக்க வைத்து முக்கி ஆறவைக்கும்போது) விரிசல் விடுகிறது.
– அரூர் வாசகர்

தண்ணீரில் போட்டிருப்பீர்கள். பட்டை எஃகுக்கு எண்ணெய்தான். 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிய சமையல் எண்ணெய் போதும். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கும். அரைத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

கேஸ் உலையில் பர்னருக்கு நேர் கீழே சூடு அதிகம். மெல்லிய விளிம்பு அங்கே மிஞ்சிப் பழுத்து, துவைச்சலில் விரிசல் விடும். ஒரு பக்கம் அடைத்த இரும்புச் சதுரக் குழாயை உலைக்குள் வைத்து, அதற்குள் கத்தியைச் செருகினால் சூடு சீராக ஏறும். அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரி அளவில். அதற்கு மேல் நிறம் ஒரு படி ஏறும் வரை, ஆனால் 850 தாண்டாமல் விட்டு, எண்ணெயில் முனை முதலாக நேராக இறக்குங்கள். கை தாங்கும் சூட்டுக்கு ஆறியதும் தள்ளிப்போடாமல் 200 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரமாக இரு முறை வையுங்கள். கொடுவாளானால் 250 வரை போகலாம்.