மருத்துவரிடம் கேளுங்கள்: பட்டாணி அளவுச் சுரப்பி

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். 17 ஆண்டுகளுக்கு முன் தம்பி பிறந்தபோது லைன் வீட்டிலேயே பிரசவமாகி, ரத்தம் நிற்காமல் போய், மயங்கிய நிலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். தம்பிக்குக் கொடுக்கப் பால் சுரக்கவே இல்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. சித்திரை வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர் போடுவார். சென்ற மாதம் காய்ச்சலும் வாந்தியுமாக விழுந்துவிட்டார். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறது, பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யவில்லை, வாழ்நாள் முழுவதும் மாத்திரை வேண்டும் என்கிறார்கள். பிரசவத்தில் போன ரத்தத்துக்கும் தலைக்குள் இருக்கும் சுரப்பிக்கும் என்ன தொடர்பு? முன்பு எடுத்த தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். சரியாக இருந்ததே? – வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் கடிதத்திலேயே நோயின் முழு வரலாறும் இருக்கிறது. பால் சுரக்காததும் மாதவிலக்கு நின்றுபோனதும் அன்றே யாராவது சேர்த்துப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு அடையாளங்கள். மலையில் எல்லோருக்கும் குளிர்கிறது, கொழுந்துக்கூடை சுமக்கும் எல்லோருக்கும் அசதி இருக்கிறது என்பதால் இந்த நோய் நம் பகுதியில் ஆண்டுக்கணக்கில் மறைந்துகிடக்க முடிகிறது என்பதே என் வருத்தம்.

பிட்யூட்டரி, நம் ஊர்த் தோட்டங்களில் விளையும் பச்சைப் பட்டாணி ஒன்றின் அளவே இருக்கும். எடை ஏறக்குறைய அரை கிராம். மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், குதிரைச் சேணம் போல் குழிந்த ஓர் எலும்புப் பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய காம்பு ஒன்று அதை மேலே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதியோடு இணைக்கிறது. சுரப்பிக்கு முன்மடல், பின்மடல் என்று இரண்டு பாகங்கள் உண்டு. உங்கள் அம்மாவுக்குப் பழுதானது முன்மடல்.

கர்ப்ப காலத்தில் பால் சுரப்புக்கான புரோலாக்டினைத் தயாரிக்கும் உயிரணுக்கள் பெருகுவதால் முன்மடல் வீங்கிப் பெரிதாகிறது. ஆனால் அதற்கு ரத்தம் வரும் வழி மாறுவதில்லை. முன்மடலுக்கு ரத்தம் பெரும்பாலும் நேரடியாகத் தமனியிலிருந்து வருவதில்லை. ஹைப்போதலாமஸின் அடியிலும் காம்பிலும் உள்ள நுண்குழாய்களில் ஒருமுறை ஓடி, அங்கிருந்து சிறு சிரைகள் வழியாக அழுத்தம் குறைந்த நிலையில்தான் கீழே இறங்கி வருகிறது. மேட்டுத் தொட்டியில் தண்ணீர் குறையும் நாளில் லைனின் கடைசி வீட்டுக் குழாயில் முதலில் தண்ணீர் நின்றுபோவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரசவத்தில் மிகுதியாக ரத்தம் போய் ரத்த அழுத்தம் சரிந்தபோது, பெருத்து நின்ற அந்த முன்மடலுக்கு அதுதான் நேர்ந்தது: ரத்தம் எட்டாமல் உயிரணுக்கள் மடிந்தன. பின்மடலுக்குத் தனியாகத் தமனி இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் ஹரால்ட் ஷீஹன் 1937-இல் விரிவாக எழுதியதால் இது ஷீஹன் நோய் என்று அழைக்கப்படுகிறது.

முன்மடல் ஆறு முக்கிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. புரோலாக்டின் இல்லாததால் பால் சுரக்கவில்லை. சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் இல்லாததால் மாதவிலக்கு திரும்பவில்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் பெரியவர்களுக்குத் தசை வலு குறையும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். குறைந்ததன் விளைவுதான் சித்திரையிலும் போட்ட அந்த இரண்டு ஸ்வெட்டர். உயிருக்கே ஆபத்தை உண்டாக்குவது ஆறாவதான ஏ.சி.டி.எச். குறைவு. சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகளைக் கார்டிசால் சுரக்கச் செய்வது அதுதான். காய்ச்சல் வரும்போது நம் உடல் கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறது. அதைக் கூட்ட முடியாதவர் சாதாரணக் காய்ச்சலிலேயே சுருண்டு விழுந்துவிடுகிறார். கார்டிசால் குறைந்தால் உடல் தண்ணீரை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்வதால், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. அதுவே சென்ற மாதம் நடந்தது.

டி.எஸ்.எச். பற்றிய உங்கள் கேள்வி மிகச் சரியானது. தைராய்டு சுரப்பியே பழுதானால் டி.எஸ்.எச். கூடும், அதைத் தேடித்தான் அந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். டி.எஸ்.எச்-ஐச் சுரக்கும் இடமே பழுதானால் அந்த எண் குறைவாகவோ, இயல்பானது போலவோ காட்டும். உடன், தைராய்டு சுரக்கும் ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி-4 அளவையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், பிறகே தைராய்டு ஹார்மோனான தைராக்சின் என்ற வரிசையை எக்காரணத்தாலும் மாற்றக்கூடாது. தைராக்சின், உடலில் இருக்கும் சொற்பக் கார்டிசாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். இயல்பாகவே கார்டிசால் காலையில்தான் அதிகம் சுரக்கும் என்பதால், மாத்திரையிலும் பெரும்பங்கைக் காலையில் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்தால் அளவை எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி வந்தால் மாத்திரை தங்காது, உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட வேண்டும். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய சீட்டு ஒன்று கொழுந்துக்குப் போகும்போதும் அவரிடம் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் பாதை அடைபடும் ஊர் நம்முடையது. ஆகவே ஒரு மாத மாத்திரை எப்போதும் வீட்டில் கூடுதலாக இருக்க வேண்டும்.

கேள்வி: பிட்யூட்டரியின் பின்மடல் எதையும் தயாரிப்பதில்லை என்கிறார் எங்கள் ஆசிரியர். அப்படியானால் அதை ஏன் சுரப்பி என்கிறோம்? – பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், குன்னூர்

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. கருவில் முன்மடல் வாயின் மேற்கூரைத் திசுவிலிருந்து மேல்நோக்கி வளர்கிறது. பின்மடல் மூளையிலிருந்து கீழே இறங்குகிறது. பிறப்பால் வேறான இரண்டு திசுக்கள் ஒட்டிக்கொண்டு ஓர் உறுப்பாகின்றன. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின், சிறுநீரகங்கள் தண்ணீரைச் சேமிக்கச் செய்யும் வாசோபிரெசின் ஆகிய இரு ஹார்மோன்களும் ஹைப்போதலாமஸில் தயாராகி, நரம்பிழைகள் வழியாக இறங்கி, பின்மடலில் சேர்ந்திருந்து, வேண்டியபோது ரத்தத்தில் கலக்கின்றன. இவற்றுள் ஆக்சிடோசினை அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் ஆய்வகத்தில் உருவாக்கினார். 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்க இன்று போடும் ஊசிமருந்து ஆக்சிடோசின்தான். முதல் கடிதத்தைப் படித்தால் அதன் அருமை உங்களுக்குப் புரியும்.

கேள்வி: திருப்பூரிலிருந்து உதகைக்கு மாற்றலாகி வந்தது முதல் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாக இருக்குமோ? – வாசகர், உதகமண்டலம்

பதில்: ரத்தச் சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால், குளிரே காரணமாக இருக்கலாம். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் உட்பகுதியில் திரள்கிறது. தண்ணீர் மிகுந்துவிட்டதாகக் கருதி மூளை, தண்ணீரைச் சேமிக்கச் செய்யும் வாசோபிரெசின் ஹார்மோனைக் குறைப்பதால், சிறுநீரகங்கள் தண்ணீரை வெளியே விட்டுவிடுகின்றன. அதே ஹார்மோன் நோயால் குறைந்தால் நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்கு மேல் சிறுநீர் போகும், இரவிலும் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கத் தோன்றும். ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து 24 மணி நேரச் சிறுநீரை அளந்து பாருங்கள். மூன்று லிட்டரைத் தாண்டினால் அந்தக் கணக்கோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.