போத்தலில் அடைக்க முன் சரிசெய்யலாம்
வீட்டில் காய்ச்சிய 20 லீற்றர் பியரில் 5 வீதம் அல்ககோல் எதிர்பார்த்து 3.9 தான் வந்தது, அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) தொடக்கத்தில் 1.040, முடிவில் 1.010 என்கிறீர்கள். ஈஸ்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மோல்ட்டிலிருந்து (முளைகட்டிய பார்லி) சர்க்கரை போதிய அளவு இறங்கவில்லை.

ஆனால் முதல்நாள் சூடு ஆறமுன் அளந்தீர்களா? 20 பாகைக்கான ஹைட்ரோமீற்றர் (அடர்த்தி அளக்கும் கருவி) 40 பாகையில் 5, 6 புள்ளி, அதாவது 0.005, 0.006, குறைத்துக் காட்டும். அப்படியென்றால் உண்மையான அல்ககோல் 5 வீதத்துக்குக் கிட்டத்தான் இருக்கும், பியரைத் தொடவே வேண்டாம்.

இல்லையென்றால், 450 கிராம் சீனியை அரை லீற்றர் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, கலக்காமல் மெல்ல ஊற்றுங்கள். ஏறக்குறைய 1 வீதம் கூடும். அப்புறம் மூன்று நாள் ஹைட்ரோமீற்றர் காட்டும் எண் மாறாமல் நின்றால் மட்டும் அடையுங்கள்; இல்லாவிட்டால் மீதிச் சீனி போத்தலுக்குள் நொதித்து வாயு அடைபடும். வெள்ளவத்தையில் எங்கள் குசினியில் அவசரமாக அடைத்த போத்தல் வெடித்து, கண்ணாடித் துண்டு சுவர்க் கலண்டரில் குத்தி நின்றது.