கேள்வி - பதில்: ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறது!

கேள்வி: சார், தாம்பரம் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். போன செமஸ்டரில் இரண்டு அரியர். படிக்காமல் இல்லை, ஸ்டடி லீவில் ராத்திரி மூன்று மணி வரை உட்கார்ந்தேன். கொஸ்டின் பேப்பரைக் கையில் வாங்கியதும் கை வியர்த்து, தலை பிளாங்க் ஆகிவிடுகிறது. வெளியே வந்து டீக்கடையில் நின்றால் பதில் எல்லாம் வரிசையாக வருகிறது! அடுத்த மாதம் மறுபடி எக்ஸாம், இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.
- பெயர் வேண்டாம், சேலையூர்

பதில்: டீக்கடையில் வருகிறது என்றால் படித்தது உள்ளேதான் இருக்கிறது தம்பி, கேட்ட நேரத்தில் அதை வெளியே எடுக்கத்தான் பழகவில்லை. அந்த மூன்று மணி வரை என்ன செய்தீர்கள்? ஜெராக்ஸ் நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருப்பீர்கள். நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும், அந்த 'தெரிந்த மாதிரி'தான் ஆளைக் கவிழ்க்கும். தினமும் பஸ் ஜன்னலில் பார்க்கிற ரோடுதான், ஒருநாள் ஆட்டோக்காரருக்கு நாமே வழி சொல்ல வேண்டி வந்தால் எந்த சந்தில் திரும்புவது என்று திணறுவோமே, அதே கதை.

2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் காலேஜ் மாணவர்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த டெஸ்ட்டில் முன்னால் நின்றார்கள். படித்ததை மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்ட்டில் அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். உங்கள் எக்ஸாம் ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லையே.

அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஒரு யூனிட்டை ஒருமுறை ஒழுங்காகப் படியுங்கள், நோட்டை மூடுங்கள், வெள்ளைத்தாளில் ஞாபகம் வருவதை எல்லாம் எழுதுங்கள். அசிங்கமாக இருக்கும், பாதிகூட வராது, பரவாயில்லை, விட்டுப்போனதை மட்டும் திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். அப்புறம் பழைய கொஸ்டின் பேப்பரை எடுத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, மேஜை நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் முழுசாக எழுதிப் பாருங்கள். பயம் குறைவது அங்கேதான். பழகிப்போன இடத்தில் உடம்பு அவ்வளவு பதறாது.

உங்களுக்கு அண்ணா பல்கலைக்கழக பேப்பர் என்று வைத்துக்கொள்கிறேன். பத்து டூ மார்க், 'அல்லது' போட்ட ஐந்து பதிமூன்று மார்க், கடைசியில் ஒரு பதினைந்து மார்க், மொத்தம் 100, கையில் 180 நிமிடம். டூ மார்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி, ஒவ்வொரு பதிமூன்றுக்கும் 22 நிமிடம், பதினைந்துக்கு 25 என்று வைத்தால்கூட கடைசியில் கால் மணி மிஞ்சும். இந்தக் கணக்கை வீட்டிலேயே பழகிவிட்டால் ஹாலில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வியர்க்க வேண்டியதில்லை.

பிளாங்க் ஆகும் அந்த நிமிடத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள், ஞாபகத்தில் இருப்பதை எடுக்கும் வேலையைத்தான் முதலில் கெடுக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூச்சை இழுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள், ஏழெட்டு தடவை போதும், படபடப்பு இறங்கும். பிறகு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஒரு டூ மார்க்கை எழுதுங்கள், ஒன்று எழுதினால் அடுத்தது தானாக வரும். இன்னொன்றும் உண்டு: 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், பதற்றப்படும் மாணவர்களைப் பரீட்சைக்கு முன்னால் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே எழுதச் சொன்னார்கள், அவர்களுடைய மார்க் கூடியது. ஹால் வாசலில் நின்று "மச்சி, நாலாவது யூனிட் பார்த்தியா?" என்று கேட்கும் கூட்டத்திலிருந்து தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எழுதுங்கள், எழுதியதைக் கிழித்தும் போட்டுவிடலாம்.

ராத்திரி மூன்று மணிக் கதை வேண்டாம். படித்தது மனதில் பதிகிற வேலை தூக்கத்தில்தான் நடக்கிறது. பதினோரு மணிக்கு ஒரு காபி குடித்தால், அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி விடிகாலை நாலு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

கேள்வி: என் மகள் பி.காம். கடைசி வருடம். பரீட்சை நெருங்கினால் கதவைச் சாத்திக்கொள்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை. "படிச்சியாம்மா?" என்று கேட்டாலே கத்துகிறாள். நேற்று "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று தெரியவில்லை.
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: அம்மா, கோபமா உண்மையா என்று நீங்களே ஊகிக்க வேண்டாம், அவளிடமே நேராகக் கேட்டுவிடுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நம்மூரில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு, அது தப்பு, கேட்பதால் பிள்ளைகளுக்குப் பாரம் இறங்கத்தான் செய்யும். அவள் பேசும்போது குறுக்கே அறிவுரை சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிளேஸ்மென்ட்டை இழுக்காதீர்கள். ஆமாம் என்றாலோ, பதிலே வராவிட்டாலோ அவளைத் தனியாக விடாதீர்கள், உடனே 14416-க்கு போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், பெற்றோரும் கூப்பிடலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கும் கூப்பிடலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், மனநலப் பிரிவில் ஓபி உண்டு. காலையில் கூடவே போய் உட்காருங்கள். (கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே சினிமாக்காரர்கள் கேலியாக்கி வைத்ததில், மனநல டாக்டரிடம் போவதற்கே நாம் கூசுகிறோம். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதான் இதுவும்.)

"படிச்சியா?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, வேறு ஏதாவது பேசுங்கள். "அரியர் விழுந்தா அடுத்த தடவை எழுதிக்கலாம், வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று அவள் அப்பா வாயிலிருந்தும் ஒருமுறை வரட்டும்.

கேள்வி: ஹாஸ்டலில் தூக்கம் வராமல் இருக்க ஒரு மாத்திரை தருகிறார்கள், போடலாமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: கூடவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் கை மாறுகிற மாத்திரை என்னவென்று தந்தவருக்கே தெரியாது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், பழக்கமாகிவிடுவது எல்லாம் அதில் வரலாம். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் ஒரு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர், டிவி வேறு. எங்கே உட்கார்ந்து படிப்பது?
- கல்லூரி மாணவி, கோடம்பாக்கம்

பதில்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. பரீட்சை சீசனில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். எலெக்ட்ரிக் ட்ரெயினில் போவது சுலபம் என்றால் எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது, 1896-இல் திறந்த நூலகம். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகமும் உண்டு. முதல் நாள் போகும்போதே சொந்தப் புத்தகம், தோள்பை எல்லாம் உள்ளே கொண்டுபோக என்ன விதி என்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலோடு நாலு வெள்ளைத்தாளும் எடுத்துப் போங்கள், சேலையூர் தம்பிக்குச் சொன்ன வேலை உங்களுக்கும் உண்டு.