கழிவுநீர் நாற்றத்தை அளப்பது எப்படி? கேள்வி பதில்

சுத்திகரிப்பு நிலையங்களில் வாயு அளக்கும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (அடுக்ககச் செயலாளர், சென்னை): ஐயா, எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. விடிந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் புரட்டுகிறது. அளக்க வந்தவர் நண்பகலில் கருவியைக் காட்டிப் பூஜ்யம் என்றார். எதை நம்புவது?

பதில்: உங்கள் மூக்கை நம்புங்கள். அவர் கொண்டுவந்தது ஊழியர்கள் சட்டையில் மாட்டும் பாதுகாப்புக் கருவியாக இருக்கும். 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே அது பெரும்பாலும் எதையும் காட்டாது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அவர் வந்த நேரமும் தவறு. சத்தத்துக்கும் மின்கட்டணத்துக்கும் பயந்து இரவில், தொட்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோயரை நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். காற்று நின்றால் சேகரிப்புத் தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக்கி நீரிலேயே சேர்த்துவைக்கும். காலையில் ப்ளோயர் ஓடத் தொடங்கியதும் குமிழிகள் அத்தனையையும் மேலே கிளப்பிவிடும். ஒருமுறை தொட்டி மூடியின் ஓரத்தில் ஈரமாக்கிய லெட் அசிடேட் தாளை, அதாவது இந்த வாயு பட்டால் நிறம் கறுக்கும் தாளை, ஒட்டிவைத்தேன். இரவு முழுக்க வெளுப்பாகவே இருந்த தாள், ப்ளோயர் போட்டதும் காபிக் கொட்டை நிறத்துக்கு மாறியது. பிபிபி அளவில், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு வரை தொடர்ந்து பதியும் கருவியை ஒரு வாரம் வையுங்கள். ப்ளோயர் ஓடிய நேரத்தையும் பக்கத்தில் எழுதிவாருங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவி): திறந்த தொட்டியிலிருந்து வெளியேறும் அளவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அடிப்பக்கம் திறந்த கூண்டு ஒன்றை நீர்ப்பரப்பில் மிதக்கவிட்டு, சுத்தமான காற்றைச் சீராகச் செலுத்துங்கள். வெளிவரும் காற்றில் உள்ள செறிவை ஓட்ட அளவால் பெருக்கி, கூண்டு மூடிய பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கான வெளியேற்றம் கிடைக்கும். செறிவை மட்டும் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காற்றடித்தால் மாறிவிடும் எண் அது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் அப்போதே குறியுங்கள். பிஎச் 7 என்றால் கரைந்த சல்பைடில் ஏறக்குறைய பாதி, வாயுவாகத் தப்பக்கூடிய நிலையில் இருக்கும். 8 ஆனால் பத்தில் ஒரு பங்குதான்.

கேள்வி: ஹைட்ரஜன் சல்பைடை மட்டும் அளந்தால் போதுமா?

பதில்: போதாது. மெர்காப்டன், அமோனியா, அமைன் போன்ற மற்ற நாற்ற வாயுக்களும் சேர்ந்ததுதான் நாற்றம். நாற்றத்தை அளப்பதற்கான ஐரோப்பாவின் இஎன் 13725 தரமுறையில் மனித மூக்கே கருவி. பையில் பிடித்த காற்றைச் சுத்தமான காற்றோடு கலந்து, குறைந்தது நான்கு பேர் முகர்கிறார்கள். பாதிப் பேர் உணரும் அளவுக்கு எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுவே நாற்ற அலகு. பையில் பிடித்த 30 மணி நேரத்துக்குள் முகர்ந்துவிட வேண்டும்.

கேள்வி (நிலைய ஊழியர்): நாற்றம் நின்றுவிட்டால் தொட்டிக்குள் இறங்கலாமா?

பதில்: இறங்காதீர்கள், தம்பி. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் வாக்கில் இருந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதாகத் தோன்றுவது அதனால்கூட இருக்கலாம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கித்தான் பார்க்க வேண்டும். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலும் பின்னால் குதிக்காதீர்கள். மேலே நின்றபடியே தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள்.