ஊரில் மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றினால் சரியாகுமா?

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் 2013 மாடல் பெட்ரோல் கார் நிற்கிறது. படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), கல்யாணம் என்று ஊருக்கு வரும்போதுதான் எடுப்போம். இப்போது ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, இழுவை இல்லை, மைலேஜும் விழுந்துவிட்டது. டேங்க்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றினால் போதும் என்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்:

ஊற்றலாம், ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். பெட்ரோல் நனைக்கிற இடத்துக்கு மட்டும்தான் அந்த மருந்தும் போகும்: இன்ஜெக்டர் முனை, இன்டேக் வால்வின் முதுகு, பிஸ்டன் தலை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் மூன்றில் ஐடிலிங் ஏறி இறங்குவது பெரும்பாலும் பெட்ரோல் எட்டிக்கூடப் பார்க்காத த்ராட்டில் பாடியில், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகத்தில், வருகிற கோளாறு. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டர்ஃபிளை தகட்டின் விளிம்பைச் சுற்றி வட்டமாகக் கறுப்புப் பிசின் படிந்திருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் அது கரையாது. இன்ஜினை அணைத்து, த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கியர் போய்விடும். துடைத்தபின் ஐடிலிங் முதலில் கொஞ்சம் தாறுமாறாக இருக்கலாம். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் போட்டு ஐடில் அளவை மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது டேங்க்கில் கிடக்கும் பழைய பெட்ரோல். இங்கே பூட்டிய வீட்டில் நிற்கும் வண்டிகளுக்கு இதுதான் பெரிய வில்லன். நம் நாட்டில் 2022 நடுவில் 10 சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு 2025-இல் 20 சதவீதம் ஆகிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கால் டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டியில், மேலே இருக்கும் வெற்றிடத்துக் காற்று பகலில் விரிந்து வெளியேறி, இரவில் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். மெக்கானிக்கிடம் சொல்லி வெட்டவெளியில் வைத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு போட்டாற்போல இன்னொரு அடுக்கு தெரிந்தாலும், பழைய வார்னிஷ் வாடை அடித்தாலும் டேங்க்கை வடிப்பதே வழி. பிரிந்ததை எந்த மருந்தும் நம்பும்படி ஒட்டவைக்காது.

ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் நல்லது. அடுப்புக்கரி மாதிரி விரலில் ஒட்டும் காய்ந்த கறுப்பு என்றால் வண்டி சூடேறாமல் குறுகிய தூரமே ஓடியிருக்கிறது, இல்லையென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்து ஆயில் உள்ளே வரும் கதை. கிளீனருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இத்தனையும் பார்த்தபிறகும் இழுவை வரவில்லையா, அப்போது பாட்டிலை எடுங்கள். வாங்கும்போது பாலி ஈதர் அமின், சுருக்கமாக பி.இ.ஏ., என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். வால்விலும் பிஸ்டன் தலையிலும் இறுகிய கரியை இளக்குவது அதுதான். வெறும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் கரைப்பான்கள் பிசினைக் கொஞ்சம் இளக்கும், சுட்டுப்போன கரியைத் தொடாது. ஆக்டேன் பூஸ்டர் என்று விற்பது வேறு சரக்கு. அதில் மாங்கனீஸோ இரும்போ கலந்திருந்தால் பிளக்கில் செம்மண் நிறத்தில் படிந்து மிஸ்ஸிங் கொடுக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டையும் கெடுக்கும். 'இன்ஜின் ஃப்ளஷ்' என்பது ஆயிலில் ஊற்றுவது. அதைத் தவறியும் பெட்ரோல் டேங்க்கில் கவிழ்க்காதீர்கள்.

அளவு லேபிளில் இருக்கும். 300 மில்லி பாட்டிலில் 60 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 5 மில்லி. உங்கள் டேங்க்கில் 30 லிட்டர் இருந்தால் 150 மில்லிதான் போக வேண்டும். 'முழு பாட்டிலும் போகட்டும், நல்லாக் கழுவும்' என்ற கணக்கு வேண்டாம். மிச்சமான மருந்து ரிங் வழியாக ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். டேங்க் காலியாகிற நிலையில் முதலில் மருந்தை ஊற்றி, அதன்மேல் பெட்ரோலை நிரப்பினால் தானாகக் கலந்துவிடும். பெயிண்டில் சிந்தினால் உடனே துடையுங்கள்.

ஊற்றிவிட்டு காரைக்குடி கல்லுக்கட்டிக்குக் காய்கறி வாங்கப் போய்வந்தால் பயன் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறி அப்படியே ஓட வேண்டும். திருச்சிக்கோ மதுரைக்கோ ஒரு நடை போய்வாருங்கள், 2,500 முதல் 3,000 ஆர்.பி.எம்.மில் நிதானமாக. அந்த டேங்க்கைக் கால் பங்கு வரை ஓட்டித் தீர்த்துவிட்டு மறுபடி பெட்ரோல் போடுங்கள். மருந்து கலந்த பெட்ரோலோடு வண்டியைத் திரும்பவும் ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. ஆயில் மாற்றும் நாளுக்கு முந்தைய டேங்க்கில் ஊற்றுவதுதான் புத்திசாலித்தனம், ஆயிலில் இறங்கியது அதோடு போய்விடும். மைலேஜ் கூடியதா என்பதை ஃபுல் டேங்க்குக்கு ஃபுல் டேங்க் கணக்கிட்டுப் பாருங்கள். மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

பக்கவிளைவு ஒன்று உண்டு. இளகிய குப்பை பெட்ரோல் ஃபில்டரில் போய் அடைக்கும். மருந்து ஊற்றிய பிறகு மேட்டில் ஏறும்போது வண்டி திணறினால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் அது டேங்க்குக்குள் பம்ப்போடு சேர்ந்து இருக்கும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் கார் என்றால் பெட்ரோல் வால்வின்மேல் படுவதே இல்லை, அங்கே கரி பிடித்தால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் 'வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடுப்பா' என்று சொல்லியிருப்பீர்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலாகப் போகும், பிளக்கில் கரி ஏறும், சைலன்சரில் தண்ணீர் தங்கும், ஸ்டார்ட் பண்ணச் செலவான பேட்டரிகூட முழுசாக ஏறாது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை தேவகோட்டை வரை ஓட்டிவரச் சொல்லலாம். அது முடியாதென்றால் டேங்க்கை நிரப்பி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: இன்ஜெக்டர் முனையை டீசல் கிளீனர் ஓரளவு சுத்தம் செய்யும், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வில் அப்பிய புகைக்கரியைச் சுத்தம் செய்யாது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வைத்தியத்தை, டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் வண்டியில் செய்தால் வழவழப்பு குறைந்து ஹை பிரஷர் பம்ப் தேயும்.

அதே ஷெட்டில் கார்புரேட்டர் பைக் ஒன்றும் நிற்கிறது என்றால், பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்தபின் மருந்துக்கு வேலை இல்லை. கழற்றி கார்ப் கிளீனரும் காற்றும் அடிக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளை ஓட்டை பெரிதாகி ஐடிலிங் ஒருபோதும் சீராக நிற்காது. ஊர் திரும்பும் நாளன்று பெட்ரோல் நாபை மூடி, கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிட்டுப் போனால், அடுத்த படைப்புக்கு வரும்போது கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வீங்காது.