மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: தமிழ்நாடு – கேரளம் கேள்வி பதில்

பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையில் இருபத்தெட்டு வருஷம் கேரளத்துக்கு லோடு அனுப்பியவன் நான். சொந்த ஊர் செங்கோட்டை. தாத்தாவும் அப்பாவும் எங்கள் வீட்டில் பிறந்தபோது அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1-ல் ஊர் இந்தப் பக்கம் வந்தது, அதே வீட்டில் நான் மதராஸ் மாநிலத்தில் பிறந்தேன். இரண்டு மாநிலத்தையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: அண்ணே, மேற்குத் தொடர்ச்சி மலை ஒன்றுதான். அந்தப் பக்கம் பச்சை, நம் பக்கம் ஏன் வறட்சி?

ஜூனில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது அது வெறும் காற்று. கேரளத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, நமக்கு 950-ஐ ஒட்டி. அதிலும் ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொடுப்பது. அந்த மழை அவர்களுக்கும் கொஞ்சம் உண்டு, துலாவர்ஷம் என்பார்கள்.

ஆனால் மலையில் சந்துகள் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். அதன் வழியாக வரும் காற்றில்தான் உடுமலை, பல்லடம் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள். எங்கள் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருவது குற்றாலச் சாரல். மழையை மறித்த மலை, சந்து வழியாக மின்சாரமும் சீசனும் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பவானியே நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடி வழியாகக் கேரளத்தில் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் உங்களிடம் வருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவி: ஐயா, கேரளத்தில் ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதே தெரிவதில்லையே, ஏன்?

நல்ல கேள்வி அம்மா. நான் முதல்முறை லோடோடு போனபோது டிரைவரிடம், "ஊர் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். புனலூர் தாண்டி ஒரு மணி நேரம் ஊருக்குள்ளேயேதான் போய்க்கொண்டிருந்தோம் என்று அப்புறம்தான் புரிந்தது.

நம் ஊருக்கு ஒரு கண்மாய், ஒரு கோயில், நாலு தெரு, அதைச் சுற்றி வயல். தண்ணீர் ஓரிடத்தில்தான் நிற்கும், அதனால் ஜனமும் அங்கேயே கூடியது. யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்ற சாதிக் கணக்கும் அதோடு சேர்ந்து வந்தது. அங்கே எங்கே தோண்டினாலும் கிணறு. ஆகவே ஒவ்வொரு வீடும் தன் பறம்புக்குள்: நடுவில் வீடு, பக்கத்தில் கிணறு, சுற்றிலும் தென்னை, பலா, மிளகுக் கொடி. சாதி அங்கும் இருந்தது, நம்மைவிடக் கொடுமையாகவே இருந்தது. தெருவாக மட்டும் தெரியவில்லை.

நிர்வாகத்திலும் இதைப் பார்க்கலாம். நம்மிடம் கிராம ஊராட்சிகள் சுமார் 12,500. கேரளத்தில் 941. அங்கே ஒரு பஞ்சாயத்து என்றால் நம் சிறிய நகராட்சி அளவு ஜனம். அதிகாரமும் பணமும் அதற்கு ஏற்றபடி. ஒரு பஞ்சாயத்து மெம்பருக்கு அங்கே இருக்கும் மதிப்பை நம்மூரில் நான் பார்த்ததில்லை.

ஓசூரிலிருந்து ஒருவர்: சார், நேரடியாகச் சொல்லுங்கள். யார் பணக்காரர்கள்?

மொத்த உற்பத்தியில் தமிழ்நாடு இரண்டு மடங்குக்கும் மேல். ஜனத்தொகையும் அப்படித்தானே? 2011 கணக்கில் நாம் 7.21 கோடி, அவர்கள் 3.34 கோடி. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான், இந்தியச் சராசரிக்கு மேலே.

பணம் வரும் வழிதான் வேறு. நம்மிடம் தொழிற்சாலை. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம். உங்கள் ஓசூர், திருப்பூர், சிவகாசி, நாமக்கல் என்று ஊருக்கு ஒரு தொழில். அங்கே வளைகுடாப் பணம். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கேரளத்துக்குப் போகிறது. அவ்வளவு சின்ன மாநிலத்தில் நான்கு சர்வதேச விமான நிலையங்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அவர்கள் ஏன் ஆலை வைக்கவில்லை? சதுர கிலோமீட்டருக்கு 860 பேர். ஐம்பது ஏக்கர் சேர்ந்தாற்போல் வாங்க வேண்டுமென்றால் எத்தனை வீட்டுப் படி ஏறுவது? தொழிற்சங்கமும் ஒரு காரணம்தான், மறைக்க மாட்டேன். ஒரு ஊரில் எங்கள் ஆட்களே மூட்டைகளை இறக்கினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும் நான் கூலி கொடுத்தேன். நோக்குகூலி என்று அதற்குப் பெயரே உண்டு. பார்த்ததற்குக் கூலி! 2018-ல் அரசே அதற்குத் தடை போட்டது. ஆனால் அதே சங்கங்களால்தான் அங்கே கூலிக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து முதலாளியிடம் பேசுகிறான். தினக்கூலியிலும் கேரளம்தான் நாட்டிலேயே முன்வரிசை. முன்பெல்லாம் எங்கள் மாவட்டத்து ஆட்கள் கட்டட வேலைக்கு அங்கே போவார்கள். இப்போது அந்த வேலையில் வங்காளமும் அசாமும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: அவ்வளவு மழை பெய்கிறது. காய்கறிக்கு மட்டும் ஏன் நம்மிடம் வருகிறார்கள்?

என் பிழைப்பைக் கேட்கிறீர்கள். மழை அதிகமானால் தக்காளி, வெங்காயம், கத்தரிக்கு ஆகாது. செடி அழுகிவிடும். அதோடு அந்தக் கூலிக்கு ஆள் வைத்துக் களை எடுத்தால் கட்டாது. ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கும் ரப்பர், தென்னை, மிளகு பக்கம் போய்விட்டார்கள். நெல்லையும் விட்டார்கள். 1970-களில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு இப்போது இரண்டு லட்சத்தை ஒட்டி. மிச்சமிருப்பதைக் காப்பாற்ற 2008-ல் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஆக உங்கள் ஒட்டன்சத்திரமும் எங்கள் பாவூர்ச்சத்திரமும் அவர்களுடைய அடுப்படித் தோட்டம். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் சந்தையில் நிற்க இடம் இருக்காது. தடியங்காய், சேனை, வெள்ளரி, முருங்கை என்று அவியலுக்கும் சாம்பாருக்கும் வேண்டியதைத் தனித்தனியாகக் கட்டி, பொழுது சாய்ந்ததும் வண்டி புளியரை மலை ஏறும். பூ தோவாளையிலிருந்து. ஓணம் அவர்களுக்கு, தீபாவளிப் பணம் எங்களுக்கு.

கம்பத்திலிருந்து ஒருவர்: முல்லைப் பெரியாறு விஷயத்தில் நீங்கள் எந்தப் பக்கம்?

வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். 1886-ல் 999 வருஷக் குத்தகை, 1895-ல் அணை, 2014-ல் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அணைக்குக் கீழே இடுக்கியில் படுத்துத் தூங்குகிறவனின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதே சமயம், அந்தத் தண்ணீரில் உங்கள் கம்பத்தில் விளையும் காய் எந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

சென்னையிலிருந்து ஒருவர்: மலையாளம் தமிழிலிருந்து வந்ததுதானே? ஏன் புரிய மாட்டேன் என்கிறது?

இதை அங்கே கத்திச் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று. சேர மன்னர்களைப் பாடிய பதிற்றுப்பத்து தமிழ் நூல். புரியாததற்கு வடமொழிக் கலப்பு ஒரு காரணம். இன்னொன்று, வினைமுற்றில் நாம் ஒட்டும் வாலை அவர்கள் வெட்டிவிட்டார்கள். நாம் வந்தான், வந்தாள், வந்தார் என்போம். அவர்களுக்கு அவன் வந்நு, அவள் வந்நு, எல்லாரும் வந்நு.

சில சொற்களை அவர்கள்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாம் பார்க்கிறோம், தூங்குகிறோம். அவர்கள் இன்றும் நோக்குகிறார்கள், உறங்குகிறார்கள். சில சொற்கள் காலை வாரிவிடும். எங்கள் டிரைவர் ஒருவர் தன் ஊரைப் 'பட்டி' என்று சொல்லப்போக, சாயாக்கடையில் ஒரே சிரிப்பு. அங்கே பட்டி என்றால் நாய்.

சேலத்திலிருந்து ஒருவர்: மரவள்ளிக்கிழங்கு இரண்டு பக்கமும் விளைகிறதே?

விளைகிறது, முடிவுதான் வேறு. உங்கள் ஊரில் அது ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. அங்கே அது கப்பை, காலையில் வேகவைத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்ற துவையலோடோ மீன் குழம்போடோ. தேங்காய் எண்ணெய் வாசனை பிடிக்காது என்று முதல் இரண்டு வருஷம் மூக்கைச் சுளித்தேன். இப்போது வீட்டில் மீன் பொரிக்க அதைத்தான் கேட்கிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்: வாளையாறு தாண்டியதும் லாட்டரிக் கடையும் கள்ளுக்கடையும் வருவது ஏன்?

லாட்டரியைக் கேரள அரசே 1967-லிருந்து நடத்துகிறது. இங்கே 2003-ல் நிறுத்தினார்கள். கள் அங்கே உரிமம் பெற்ற கடையில், நம்மிடம் தடை. எல்லைக் கடைப் பலகையில் தமிழ் எழுதியிருப்பது உங்களுக்காகத்தான்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் அம்மா: மகளுக்குக் கொல்லத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது. பழக்கவழக்கம் ஒத்துப்போகுமா?

அம்மா, நீங்கள் என்னிடம் கேட்கலாமா! உங்கள் ஜில்லாவும் 1956 வரை அங்கேதானே இருந்தது. திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் நம் மண்ணில் நிற்கிறது, சாவி கேரள அரசிடம். நம் நெல்லைப் பக்கப் பஞ்சாங்கத்திலும் கேரளத்து வருஷக் கணக்கான கொல்லம் ஆண்டு போடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தாய்மாமனைக் கட்டும் பேச்சை அங்கே எடுத்தால் முகம் மாறிவிடும். மருமக்கத்தாயம் என்ற தாய்வழி வாரிசு முறை இருந்த வீடுகளில் மாமன் அப்பா ஸ்தானம். கல்யாணமும் சட்டென்று முடிந்துவிடும், தாலி கட்டி மாலை மாற்றினால் இலை போட்டுவிடுவார்கள். பையன் எப்படி என்று விசாரியுங்கள், மாநிலத்தை விடுங்கள்.

விருதுநகரிலிருந்து ஒருவர்: இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் பார்க்க வழி உண்டா?

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் பகல் ரயிலைப் பிடியுங்கள். 1904-ல் மீட்டர் கேஜில் போட்ட பாதை, அகலப்படுத்தி 2018-ல் முழுதாகத் திறந்தார்கள். குகை தாண்டினால் ஆரியங்காவு, அப்புறம் பதின்மூன்று வளைவுப் பாலம். ஜூலையில் போனால், செங்கோட்டையில் வெயிலாக இருக்கிறதே என்று துணிப்பையைச் சன்னலோரம் வைக்காதீர்கள். ஆரியங்காவில் நனைந்துவிடும்.